நடக்கிறது, ஆனால் மிதக்கிறது

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஊர் பாம்பன் சின்னப்பாலம். ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா கடல்பாசி எடுக்கிறார். கேரக்டர் அனிமேஷன் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் ஆறு மாதமாக முயன்று வருகிறேன். நானே ஒரு மீனவர் கேரக்டர் செய்தேன். அதற்கே மூன்று மாதம் போய்விட்டது. நடக்கவைத்தால் தரையில் ஒட்டாமல் மிதக்கிறார். ஏன் என்று புரியவில்லை. சென்னையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் விசாரித்தேன், ஒரு வருடக் கோர்ஸுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். லேப்டாப் பழசு, 8 ஜிபி. 'பொம்மைப் படத்துக்கு ஒரு படிப்பா?' என்று அப்பா கேட்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது? (பெயர் போட வேண்டாம்.)

அன்புத் தங்கச்சி,

நீ அனுப்பிய எட்டு விநாடி வீடியோவைப் பத்துத் தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன். மீனவர் அசலாக இருக்கிறார். கைலியை மடித்துக் கட்டியிருக்கும் விதம், கழுத்தில் கிடக்கும் துண்டு, வெயிலில் கறுத்த முதுகு எல்லாம் கண்ணால் பார்த்துச் செய்தது என்று தெரிகிறது. ஆனால் மிதக்கத்தான் செய்கிறார். அது உன் கண்ணிலேயே பட்டதில் எனக்குச் சந்தோஷம். வேலைக்கு வரும் புது ஆட்களில் பலருக்குத் தங்கள் பொம்மை மிதப்பது யாராவது சொன்ன பிறகுதான் தெரியும்.

நான் மண்டபத்துக்காரி. பதினாறு வருடமாகச் சென்னையில் இதே வேலை. அதனால் உனக்கு ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

புதுப் பாம்பன் ரயில் பாலத்தின் நடுத்துண்டு மேலே ஏறுவதைப் பார்த்திருப்பாய். 72.5 மீட்டர் நீள இரும்பு, 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஆனால் பார்க்கிறவருக்கு அதன் பாரம் தெரிவதே இல்லை. எதிரெடை கட்டியிருக்கிறார்கள், மோட்டார் சீராக இழுக்கிறது, சத்தம் காட்டாமல் மேலே போய் நிற்கிறது. உன் மீனவரின் இடுப்பும் இப்படித்தான் போகிறது. இங்கிருந்து அங்கே ஒரே கோட்டில், ஒரே வேகத்தில். கால்கள் அவை பாட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கின்றன. பாதம் தரையைத் தொடுகிறது, ஆனால் உடம்பு அந்தக் காலை நம்பி இறங்கவில்லை. கோளாறு காலில் இல்லை, இடுப்பில்.

ஒரே ஓர் அடியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம். சாதாரணமாக நடக்கிற ஆள் விநாடிக்கு இரண்டு அடி வைக்கிறார் என்று வைத்துக்கொள். ஓர் அடிக்கு 12 பிரேம். முதல் பிரேமில் முன்காலின் குதிகால் தரையைத் தொடுகிறது, பின்கால் விரல்களில் நிற்கிறது. இதுவரை நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய். நாலாவது பிரேமில் முன்பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு இருப்பதிலேயே கீழே வர வேண்டும். உடம்பு முழுக்க அந்த ஒரு காலில் வந்து இறங்கும் இடம் அது. உன்னிடம் இந்தப் போஸே இல்லை. ஏழாவது பிரேமில் பின்கால் நிற்கும் காலைத் தாண்டுகிறது. நிற்கும் கால் நிமிர்கிறது, இடுப்பு அந்தக் காலின் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்குகிறது. (எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார். இடுப்பு ஒதுங்காமல் உன்னால் நிற்கவே முடியாது.) பத்தாவது பிரேமில் நிற்கும் பாதத்தின் விரல்கள் உந்துகின்றன, இடுப்பு உச்சிக்கு வருகிறது. பதின்மூன்றில் மறுகாலின் குதிகால் தரையில். கான்டாக்ட், டவுன், பாஸிங், அப் என்று ஸ்டுடியோவில் சொல்வோம். கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சலில் நடக்கிறவருக்கு 12 பிரேம் போதாது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவருக்கு அது ரொம்ப அதிகம்.

இன்று ராத்திரியே ஒன்று செய். கை, கால், தலை எல்லாவற்றையும் மறைத்துவிடு. இடுப்பில் ஒரு சின்ன உருண்டையை மாட்டி, அது மட்டும் திரையில் போகட்டும். அந்த உருண்டையைப் பார்த்தாலே யாரோ நடந்து போகிறார் என்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கைவீச்சைத் திருத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் இன்றைக்கும் ஒரு ஷாட் எங்கே தப்பாகிறது என்று பிடிபடாவிட்டால் இதைத்தான் செய்கிறேன்.

பாதம் வழுக்குவதற்கு வேறு காரணம். நின்ற இடத்திலேயே நடக்கிற மாதிரி சுழற்சியாகச் செய்திருக்கிறாய். அப்படிச் செய்தால் தரையில் பதிந்த பாதம் ஒரே வேகத்தில் பின்னால் போக வேண்டும். பிளெண்டரோ நீ போஸ் வைத்த இரண்டு பிரேமுக்கு (கீ பிரேம் என்போம்) நடுவே மெல்லத் தொடங்கி மெல்ல முடிகிற வளைகோட்டைத் தானாகவே போட்டுவிடும். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், பாதம் பதிந்திருக்கும் பகுதிக்கு மட்டும் கோட்டை நேராக்கு, வழுக்கல் நின்றுவிடும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். மீனவரைக் கொஞ்ச நாள் பெட்டிக்குள் வை. பந்திலிருந்து தொடங்கு.

முகம் சுளிக்காதே. ஆறு மாதம் உழைத்தவளிடம் பந்தைத் தட்டச் சொல்கிறாளே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அந்த வீம்பில் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

விழுகிற பொருள் சமமான நேரத் துண்டுகளில் 1, 3, 5, 7 என்ற கணக்கில் தூரம் கடக்கும். முதல் துண்டில் ஒரு முழம் இறங்கினால் அடுத்ததில் மூன்று முழம், அதற்கடுத்ததில் ஐந்து. கலிலியோ சொன்ன கணக்கு. 20 மீட்டர் பனையிலிருந்து பனம்பழம் தரைக்கு வர ஏறக்குறைய 2 விநாடி, அதாவது 48 பிரேம். முதல் 24 பிரேமில் அது 5 மீட்டர்கூட இறங்கியிருக்காது. மிச்சம் 15 மீட்டரும் அடுத்த 24 பிரேமில். மொத்தம் எத்தனை பிரேம் என்பது டைமிங். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது ஸ்பேசிங். 48 பிரேம் என்று டைமிங்கைச் சரியாக வைத்துவிட்டு இடைவெளியை மட்டும் சமமாகப் பிரித்தால், பனம்பழம் கயிற்றில் கட்டி இறக்கிய மாதிரி வரும்.

அப்புறம் ஒரு ரப்பர் பந்தையும் வலையில் கோக்கிற ஈயக்குண்டையும் ஒரே உயரத்திலிருந்து போடு. முதலில் வீட்டு முற்றத்தில் நிஜமாகப் போட்டுப் பார், பிறகு பிளெண்டரில். விழும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, சேர்ந்தே தரைக்கு வரும். தரையைத் தொட்ட பிறகுதான் எது பந்து, எது குண்டு என்று தெரியும். பந்து எழும்பும், அடுத்த தடவை கொஞ்சம் குறைவாக எழும்பும். குண்டு 'பொத்'தென்று விழுந்த இடத்தில் கிடக்கும், மணலென்றால் புதைந்துவிடும். எடை என்பது காற்றில் தெரிவதில்லை, ஊன்றுகிற இடத்தில்தான் தெரிகிறது. உன் மீனவரிடம் விட்டுப்போன நாலாவது பிரேம் அந்த இடம்தான்.

இந்த இரண்டும் திருப்தியாக வர எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு வால் வைத்த பந்து, பிறகு வெறும் இடுப்பும் இரண்டு காலும் மட்டும் உள்ள ஒரு பொம்மை, பிறகுதான் முழு உடம்பு. முகபாவமும் வசனத்துக்கு வாயசைப்பதும் கடைசியில். எல்லாரும் முதலில் அங்கேதான் தாவுகிறார்கள். தாவாதே.

அனிமேஷனின் 12 கோட்பாடுகள் என்று ஒரு பட்டியல் எங்கே தேடினாலும் உன் முன்னால் வந்து நிற்கும். டிஸ்னியில் காலமெல்லாம் வேலை செய்த பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்துக் கொடுத்தது. நல்ல பட்டியல்தான். ஆனால் பரீட்சைக்குப் படிப்பது போல் மனப்பாடம் செய்கிறார்கள். இன்டர்வியூவில் பன்னிரண்டையும் ஒப்பிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் செய்ததைத் தொகுத்த ஷோ ரீலைப் போட்டால் பந்து மிதக்கும். பந்தும் குண்டும் செய்து முடித்த பிறகு அந்தப் பட்டியலைப் படி. அதில் நாலைந்தை நீயே ஏற்கெனவே செய்திருப்பாய்.

இனி, பணம் கட்டாமல் கிடைக்கிற பாடம். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும்போது போய் உட்கார். முகங்களைப் பார்க்காதே, முதுகுத்தண்டுகளைப் பார். வரிசையாகப் பின்னால் சாய்ந்திருப்பார்கள், குதிகால் மணலில் புதைந்திருக்கும். கயிறு திடீரென்று அறுந்தால் அத்தனை பேரும் மல்லாந்து விழுவார்கள். அவ்வளவு சாய்வு. வலை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, உன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனாலும் அதில் எவ்வளவு பாரம் என்பது அந்தச் சாய்விலிருந்து உனக்குத் தெரிந்துவிடுகிறது. வலை கரைக்கு நெருங்க நெருங்கச் சாய்வு எப்படி மாறுகிறது, யார் முதலில் நிமிர்கிறார், யார் கடைசி வரை சாய்ந்தே இருக்கிறார் என்று கவனி. ஒரு நோட்டில் குச்சி உருவமாக வரை. ஒரு உருவத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவிடாதே. அழகு வேண்டாம், தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பது மட்டும் வேண்டும்.

கச்சான் காற்று வீசும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிற கைகள் என்று உனக்கு மாடல்களுக்குக் குறைவே இல்லை. வலை ஊசி பிடித்த கையைக் கொஞ்ச நேரம் பார்: மணிக்கட்டு முதலில் திரும்பும், விரல்கள் அதன் பின்னால் வரும், ஊசி அதற்கும் பின்னால், நூல் எல்லாவற்றுக்கும் கடைசியில். எல்லாம் ஒரே பிரேமில் நின்றால் அது ரோபோ. வால் வைத்த பந்தில் நீ பழகப்போவது இதைத்தான்.

வீடியோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கரையில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போனில் எடுக்காதே. முக்கியமாக அம்மாவோடு பாசிக்குப் போகிற பெண்களை. ஈரச் சேலையோடு கரையேறும்போது யாரோ போனைத் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கண்ணால் பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்து நீயே நடித்து உன்னை எடு. நான் அலுவலகத்தில் தினமும் அதைத்தான் செய்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை, உள்ளே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி குரங்கு மாதிரி மேஜைமேல் ஏறிக்கொண்டிருப்பாள், காபி வாங்கப் போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 பிரேமில் எடுக்கும், பிளெண்டர் 24-ல் ஓடும். அப்படியே பின்னணியில் வைத்தால் எல்லாம் மெதுவாகத் தெரியும், உன் டைமிங் கெட்டுவிடும். பழகுகிற வரை பிளெண்டரையும் 30-க்கு மாற்றிக்கொள், தலைவலி இல்லை. நான் மேலே சொன்ன 24 கணக்குகளை மட்டும் அதற்கேற்றபடி பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் செலவழித்துக் கேரக்டர் செய்தாயே, அதைப் பற்றி: அது வீண் இல்லை, ஆனால் அது வேறு வேலை. ஸ்டுடியோவில் உருவத்தை மாடல் செய்கிறவர் ஒருவர், அதற்கு எலும்பு மாட்டி ரிக் செய்கிறவர் ஒருவர், அசைக்கிறவர் இன்னொருவர். உனக்கு அசைக்கத்தான் ஆசை என்றால் ரெடியாக இருக்கும் ரிக்கை எடுத்துக்கொள். ஸ்னோ, ரெயின் என்ற இரண்டு கேரக்டர்களைப் பிளெண்டர் ஸ்டுடியோவே இலவசமாகக் கொடுக்கிறது. உன் மீனவரின் தோள்பட்டை ரிக் சரியில்லை. கையைத் தூக்கினால் நெஞ்சு உள்ளே போகிறது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நடை பழக முடியாது.

லேப்டாப் போதும். நீ சினிமா ரெண்டர் பண்ணப்போவதில்லை. மெட்டீரியல், லைட் எதுவும் வேண்டாம். சாம்பல் நிறப் பொம்மை, சாம்பல் நிறத் தரை. சிம்ப்ளிஃபை வசதியைப் போட்டு வைத்தால் பொம்மை கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், ஆனால் தடங்கலில்லாமல் ஓடும். புதுப் பதிப்பு இழுக்கிறது என்றால் பழைய பதிப்பை இறக்கிக்கொள்.

இப்போது அந்த இரண்டு லட்சம். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். நானும் ஒரு இடத்தில் கட்டினேன், அப்பா நகையை வைத்துக் கொடுத்த பணம். ஒரு வருடத்தில் ஒன்பது மாதம் மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அனிமேஷன் என்று நடந்தது ஆறு வாரம். முடித்துவிட்டு மூன்று நிமிட ஷோ ரீலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். எதிரே இருந்தவர் இருபதாவது விநாடியில் நிறுத்திவிட்டு, 'இந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்குது, ஆனா பெட்டி இவளைக் கீழ இழுக்கலியே' என்றார். அன்றைக்கு அழுதேன். ஆனால் அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

எல்லா இன்ஸ்டிட்யூட்டும் அப்படி என்று சொல்லமாட்டேன். போய்க் கேள். ஆனால் கட்டடத்தையும் கம்ப்யூட்டரையும் பார்க்காதே. யார் சொல்லிக்கொடுக்கிறார், அவர் எந்த ஷாட்டுகளில் வேலை செய்திருக்கிறார், ஒரு மாணவரின் ஷாட்டை வாரத்துக்கு எத்தனை தடவை உட்கார்ந்து திருத்துவார் என்று கேள். மழுப்பினால் எழுந்து வந்துவிடு. டிகிரியைப் பாதியில் விடுவது மட்டும் கூடவே கூடாது. மூன்று வருடப் பட்டம் இருந்தால் டிசைன் மேற்படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை எழுதலாம். ஐ.ஐ.டி. பம்பாயில் அனிமேஷனில் எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைக்கு அந்தத் தேர்வு வழியாகத்தான் எடுக்கிறார்கள், உன் பட்டம் அதற்குப் போதுமா என்று அங்கேயே விசாரித்துக்கொள். அகமதாபாத்தில் இருக்கும் தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. இரண்டிலும் கதை சொல்லவும் படமெடுக்கவும் சொல்லித்தருவதுதான் பெரிது. நடையும் எடையும் அங்கே போவதற்கு முன்பே உன் கையில் இருந்தால் நல்லது. சென்னையில் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் படிப்பு உண்டு, ஆனால் அது இளங்கலை. உனக்கு இனி அது சுற்றுவழி.

அப்பாவோடு வாதாடாதே. வேலை உண்டா என்றால் உண்டு: சினிமா கிராபிக்ஸ், வீடியோ கேம், சின்னப் பிள்ளைகளின் தொடர்கள், விளம்பரம். சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை என்று வெளியூர் போக வேண்டியிருக்கும். வேலையை ஒப்படைக்கிற டெலிவரி வாரத்தில் ராத்திரி வீட்டுக்கு வர முடியாது. வேலை குறைந்தால் முதலில் ஒப்பந்த ஆட்களைத்தான் நிறுத்துவார்கள். இதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. அதோடு ஒரு நாள் சாயங்காலம் அவரோடு கரையில் உட்கார்ந்து, தூரத்தில் வருகிறவர் யார் என்று கேள். முகம் தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேள். 'அவன் நடைதான் தெரியுதே' என்பார். கேரக்டர் என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் அர்த்தம் அதுதான். ஒவ்வொருவர் நடையிலும் அவர் எதைப் பார்க்கிறார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள். நோட்டு நிறையும். அவருக்கும் நீ படிப்பது என்னவென்று பிடிபடலாம்.

நான்கு மாதம் கழித்துச் செய்ய ஒரு ஷாட் சொல்கிறேன். ஐந்து விநாடி, ஒரே ஒரு பெண், முதுகில் ஈரப் பாசி நிறைந்த பை, கடலிலிருந்து கரைக்கு வருகிறாள். இடுப்பளவு தண்ணீரில் பையைக் கடல் சுமக்கிறது; முழங்காலளவுக்கு வரும்போது அவள் சுமக்கிறாள். ஆக, ஒவ்வோர் அடிக்கும் பை கனத்துக்கொண்டே போக வேண்டும். அடி குறுகும், நாலாவது பிரேமில் முழங்கால் இன்னும் ஆழமாக மடங்கும், அங்கிருந்து எழும்ப அதிக பிரேம் பிடிக்கும், பையைப் பிடிக்காத கை வெளியே போய்ச் சமநிலை தேடும். கழுத்து மட்டும் ஆடாது, ஏனென்றால் கண் கால் வைக்கிற கல்லின் மேல் இருக்கிறது. தண்ணீரை வரைய வேண்டாம், பையும் வெறும் உருண்டையாக இருக்கட்டும். நடித்துப் பார்க்க வீட்டில் பத்து கிலோ அரிசிப் பை போதும்.

முடித்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டு. எதையும் விளக்காதே. 'இந்தப் பையில எவ்வளவு இருக்கும்மா?' என்று மட்டும் கேள். 'வெறும் பைதானே' என்றால் மறுபடி இடுப்பிலிருந்து ஆரம்பி. கிலோக் கணக்கில் ஒரு பதில் வந்தால் எனக்கு அனுப்பு.